முப்பதாயிரமா, இரண்டரை லட்சமா? எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் முன்

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஒசூரில் ஒரு பட்டறையில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். பிடித்தம் போக 24,000 கைக்கு வரும். ஞாயிறு தோறும் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். மாதம் ஒன்றிரண்டு கல்யாணக் கச்சேரியும் உண்டு. இதுவரை அகூஸ்டிக்தான், இப்போது எலெக்ட்ரிக் வாங்க ஆசை. பெங்களூருவில் இருக்கும் மாமா பையன், "சீனா, இந்தோனேசியா கிட்டாரெல்லாம் வேஸ்ட், அதில் வாசித்தால் கை கெட்டுவிடும்" என்கிறார். அவர் நண்பர் அமெரிக்காவில் ஒரு சின்ன கம்பெனி கொஞ்சமாக, கவனமாகச் செய்யும் பூட்டிக் கிட்டார் ஒன்றை 2,60,000 ரூபாய்க்கு விற்கிறாராம். லோன் போட்டு வாங்கினாலும் அது முதலீடுதான், விலை இறங்காது என்கிறார். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனோ முப்பதாயிரத்துக்குள் ஒன்று போதும் என்கிறார். நிஜமாகவே எட்டு, ஒன்பது மடங்கு வித்தியாசம் இருக்கிறதா? இன்னொன்று, எங்கள் வீடு ஷீட் போட்டது. வெயிலில் கிட்டாருக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: தம்பி, லோன் போடாதீர்கள். 30,000 ரூபாய்க்குள் ஒன்று வாங்குங்கள், அதற்கு மேல் ஒரு 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து ஒழுங்காக செட்டப் (கம்பி உயரம், கழுத்து வளைவு எல்லாம் சரிசெய்வது) செய்துகொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு அது தாராளம். ஆனால் மாமா பையன் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. அவர் சொன்னதில் எது சரி என்று தெரியாமல் வாங்கினால் முப்பதாயிரமும் தண்டம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'ஆசியாவில் செய்தது மட்டம்' என்ற பேச்சு அமெரிக்காவில் ஐம்பது வருடப் பழசு. 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்காவின் பெரிய கிட்டார் கம்பெனிகளான ஃபெண்டர், கிப்சன் மாடல்களைப் பார்த்து அப்படியே செய்து குறைந்த விலைக்கு இறக்கின. முதலில் வந்தவை சுமார் ரகம். போகப்போக அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வந்தன. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம், அமெரிக்காவில் ஐபனேஸ் கிட்டார் விற்ற கம்பெனி மீது, தலைப்பகுதியின் வடிவத்தைக் காப்பியடித்ததாக வழக்கே போட்டது. மட்டமான சரக்குக்காக யாரும் கோர்ட் படி ஏறமாட்டார்கள். ஃபெண்டர் வேறு வழியில் போனது. 1982இல் ஸ்குவையர் என்ற பெயரில் தானே ஜப்பானில் செய்து விற்க ஆரம்பித்தது. அந்த முதல் வரிசை ஸ்குவையர்களை இன்றைக்குத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இப்போது கிப்சனின் குறைந்த விலை பிராண்டான எபிபோனுக்குச் சீனாவின் சிங்தாவோவில் தொழிற்சாலை இருக்கிறது. யமஹா பசிஃபிகாவின் குறைந்த விலை மாடல்கள் இந்தோனேசியாவிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் பல லட்ச ரூபாய்க் கிட்டார்களைச் செய்யும் பிஆர்எஸ் கம்பெனியே தன் எஸ்இ வரிசையை இந்தோனேசியாவில் கோர்ட் (Cort) என்ற கிட்டார் கம்பெனியின் தொழிற்சாலையிடம் கொடுத்துச் செய்து வாங்குகிறது.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கழுத்தின் வளைவையும் ஒலியை எடுக்கும் பிக்கப் உட்காரும் குழியையும் ஆள் நின்று மரம் குடையும் ரூட்டர் பிடித்து வெட்டினார். இப்போது வெட்டுவது கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின். புரோகிராமும் டூலும் சரியாக இருந்தால் கலிஃபோர்னியாவில் வெட்டினாலும் ஜாவாவில் வெட்டினாலும் குழி ஒன்றுதான். பூட்டிக் கம்பெனிகளிலும் உடலும் கழுத்தும் பெரும்பாலும் மெஷினில்தான் உருவாகின்றன. கை வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

டிசைன் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டிக் கிட்டார்களில் பெரும்பகுதி, லியோ ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் சீர்செய்து மெருகேற்றியவை. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. உள்ளே குடைவு இல்லாத பலகை உடல், நாலு ஸ்குருவில் முடுக்கிய கழுத்து, கெட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளும் பாகங்கள் என்று, தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்கென்றே வரைந்தது அது. அதனால்தான் குறைந்த விலையிலும் அது அவ்வளவாகக் கெடுவதில்லை. கிப்சன் லெஸ் பால் வகை அப்படியல்ல. கழுத்தைச் சாய்வாக வைத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும், மேல் பலகையை வளைவாகச் செதுக்க வேண்டும். விலையைக் குறைக்கும்போது கை வைப்பது இந்த இடங்களில்தான். ஒட்டு சரியில்லை என்றால் பிறகு சரிசெய்யும் செலவில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம். எனவே உங்கள் பட்ஜெட்டில் ஸ்குரு கழுத்து மாடலையே பாருங்கள். லெஸ் பால் மாதிரிதான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் பணம் சேர்த்து வாங்குங்கள்.

சரி, அந்த 2,60,000 எங்கே போகிறது?

ஒரு பங்கு அமெரிக்கக் கூலிக்கும் வாடகைக்கும் போகிறது. சுர், டாம் ஆண்டர்சன் மாதிரி கலிஃபோர்னியக் கம்பெனிகளின் புது கிட்டார் அங்கேயே 3,000 டாலருக்கு மேல். கப்பல், சுங்கம், ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. இதில் எதுவும் சத்தமாக வெளியே வராது. இன்னொரு பங்கு பாகங்களுக்கு. நல்ல ஸ்விட்ச், நல்ல வால்யூம் கன்ட்ரோல், நழுவாத டியூனிங் சாவி, தேயாத ஸ்டெயின்லெஸ் ஃபிரெட். இவை நிஜமான வித்தியாசம்தான், ஆனால் லட்சக் கணக்கு இல்லை.

மிச்சம் இருப்பது மேசையில் ஆள் உட்கார்ந்த நேரம். என்னைக் கேட்டால் பூட்டிக் கிட்டாரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

கழுத்தில் குறுக்காக 21 அல்லது 22 ஃபிரெட் (விரல் அழுத்தும் இடத்தைப் பிரிக்கும் உலோகப் பட்டை) அடித்திருக்கும். வழக்கமாகச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். இத்தனை தலைகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 50 மைக்ரான் தூக்கிக்கொண்டு நின்றாலும், ஆக்‌ஷன் (ஃபிரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) தாழ்வாக வைத்தால் அதற்கு முந்தைய ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பி அதில் உரசி 'ஜிர்' என்று கரகரக்கும். புது கிட்டார் ஒன்று கிருஷ்ணகிரியில் என் ரிப்பேர் மேசைக்கு வந்தால் முதலில் கம்பிகளைத் தளர்த்தி, டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) திருப்பிக் கழுத்தை நேராக்குவேன். பிறகு ஃபிரெட் ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பு மார்க்கர் பூசுவேன். நேரான எஃகுச் சட்டத்தில் உப்புத்தாள் ஒட்டி, அழுத்தாமல், கழுத்து நீளத்துக்கு இழுத்தால் உயர்ந்த ஃபிரெட்டில் மை உடனே அழிந்து வெள்ளை தெரியும். தாழ்ந்ததில் மை அப்படியே நிற்கும். எல்லாவற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு விழும்வரை இழுக்க வேண்டும். அப்போது ஃபிரெட்டின் தலை தட்டையாகிவிட்டிருக்கும். குழிவான அரத்தால் இரண்டு பக்கமும் ராவி மறுபடி உருண்டையாக்க வேண்டும், உச்சியில் அந்தக் கோடு மயிரிழையாக மிஞ்ச வேண்டும். அப்புறம் மூன்று நான்கு நம்பர் உப்புத்தாள், பஃபிங். ஃபிரெட்டின் இரண்டு முனைகளையும் விரல் கிழிக்காதபடி உருட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை நாள் போய்விடும்.

முப்பதாயிரம் ரூபாய்க் கிட்டாருக்குத் தொழிற்சாலையில் இந்த அரை நாளை யாரும் தரமாட்டார்கள். சில நிமிடம்தான். நட் (கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) வெட்டும் அப்படியே. கம்பி உட்காரும் பள்ளத்தைக் குறைவாக வெட்டிவிட்டால் பிறகு ஆழப்படுத்திக்கொள்ளலாம், அதிகமாக வெட்டினால் நட்டையே மாற்ற வேண்டும். அதனால் தொழிற்சாலைக்காரர் பாதுகாப்பாக உயரமாகவே விட்டுவிடுவார். விளைவு, முதல் ஃபிரெட்டில் எஃப் கார்டு பிடிக்கவே விரல் வலிக்கும். சுருதியும் கொஞ்சம் ஏறி நிற்கும். 'கை கெட்டுவிடும்' என்று மாமா பையன் சொல்வது இதைத்தான். சொன்ன பயம் சரி, காட்டிய காரணம்தான் தப்பு. சீனாவில் செய்ததால் வலிக்கவில்லை, முடிக்காமல் விட்டதால் வலிக்கிறது.

பூட்டிக் கம்பெனியில் இந்த வேலை முடிந்துதான் வெளியே வரும். பிளெக் என்று ஒரு ஜெர்மன் மெஷின் இருக்கிறது. கம்பி கட்டிய நிலையிலேயே கழுத்தை அளந்து, எந்த ஃபிரெட்டில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தானே ராவும். உங்களுக்குப் பிடிக்கும் மெஷின். சுர் போன்றவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி முடித்த கிட்டாரைக் கையில் எடுத்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், நான் மறுக்கமாட்டேன். கழுத்தின் ஓரம் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் அதே வேலையை நீங்கள் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ரெடிமேட் பேண்ட்டை டெய்லரிடம் கொடுத்து அளவுக்குப் பிடித்துக்கொள்வதில்லையா, அப்படி. செட்டப் மட்டும் என்றால் 1,500லிருந்து 2,500 ரூபாய், ஃபிரெட் மட்டமும் சேர்த்தால் 4,000 வரை ஆகலாம். 28,000 ரூபாய்க் கிட்டாரில் இதைச் செய்தபின் உங்கள் இடது கைக்கு வரும் சுகம் அந்த விலை உயர்ந்த கிட்டாருக்குப் பக்கத்தில் வந்துவிடும். முழுதாக எட்டாது. எட்டாத அந்த மிச்சத்துக்கு 2,30,000 ரூபாய் தரலாமா என்பதுதான் கேள்வி.

இதில் இரும்புக்கும் மரத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது உங்கள் பட்டறையில் வராதது. நீங்கள் வெட்டிய பாகம் மறுநாளும் அதே அளவில் இருக்கும். மரம் இருக்காது. ஈரப்பதம் நிறைந்த இந்தோனேசியாவில் ஃபிரெட் அடித்த கழுத்து, மாசி பங்குனியில் பாலக்கோடு காற்றில் காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். உலோகம் சுருங்காது. அதனால் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் ரம்பப் பல்லாக வெளியே நீட்டும். கலிஃபோர்னியாக் கழுத்தும் இதற்கு விலக்கல்ல. எந்த விலையில் வாங்கினாலும் நம்மூரில் முதல் கோடைக்குப் பிறகு ஒருமுறை மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.

மரம் என்றதும் அடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் அதிகம் பேசுவது இதைத்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும். சுமார் 0.06 மி.மீ. தடிமனுள்ள கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்புக்குப் போவது அதுதான். உடல் மரத்துக்கு ஒரு பங்கு உண்டு, அது கம்பி எவ்வளவு நேரம் அதிர்கிறது என்பதில் கொஞ்சம் தெரியும், எடையில் நிறையவே தெரியும். ஆனால் கல்யாண மண்டபத்தில் டிரம்ஸும் கீபோர்டும் ஓடும்போது ஆல்டர் மரமா பாப்லரா என்று கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை, விற்பவருக்கும் இருக்காது. குயின் குழுவின் பிரையன் மே 1963இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்ய ஆரம்பித்த கிட்டாரின் கழுத்து, பழைய வீட்டின் குளிர்காய் அடுப்புச் சட்டத்திலிருந்து எடுத்த மரம். அதன் ட்ரெமோலோவுக்கு (கம்பியைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் அமைப்பு) பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதே கிட்டாரோடுதான் 2002இல் பக்கிங்காம் அரண்மனை மொட்டைமாடியில் நின்று வாசித்தார்.

விரல்பலகை மரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஈட்டி மரம் உட்பட ரோஸ்வுட் இனம் முழுவதையும் 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். நடுவில் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. ஸ்குவையரிலும் எபிபோனிலும் 'இந்தியன் லாரல்' என்று போட்டு வருவது நம்ம கருமருதுதான். அதைப் பார்த்து 'மட்டமான மரம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பிக்கப்பில் வித்தியாசம் காதுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். குறைந்த விலையில் செராமிக் காந்தம் போடுவார்கள், அது கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம் இப்போது 30,000 ரூபாய்க் கிட்டார் சிலவற்றிலேயே வருகிறது. மாற்றுவதென்றால் பிறகு மாற்றலாம், சால்டரிங் வேலைதான். ஆனால் வாங்கிய மாதமே மாற்றாதீர்கள். முதலில் பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்குருவைத் திருப்பிக் கம்பியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். காதைக் குத்துகிறது என்று என்னிடம் வந்த கிட்டார்களில் பாதி, ஒரு ஸ்குருடிரைவரில் சரியானவை.

உங்கள் விஷயத்தில் இதையெல்லாம்விட முக்கியமானது இரைச்சல். கல்யாண மண்டபத்தில் வாசிப்பவர் நீங்கள். சீரியல் பல்பு, டிம்மர், எல்இடி திரை, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே லைனில் ஓடும், எர்த் இருக்கும் ஆனால் இருக்காது. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அந்த 50 சைக்கிள் கரண்டை அப்படியே வாங்கி 'ங்ங்ங்' என்று ஸ்பீக்கரில் கொட்டும். 1955இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்குத்தான் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஹம்பக்கரை உருவாக்கினார். அதனால் பிரிட்ஜ் (உடல் மேல் கம்பிகள் உட்காரும் இடம்) பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு சிங்கிள் காயிலும் இருக்கும் மாடலை எடுங்கள். மெல்லிசைப் பாட்டுக்கும் சர்ச் பாட்டுக்கும் அது ஒன்றே போதும். அந்த 2,60,000 ரூபாய்க் கிட்டாரில் மூன்றும் பழைய பாணி சிங்கிள் காயில் என்றால், உங்கள் மண்டபத்தில் அதுவும் இதே 'ங்ங்ங்'தான் பாடும்.

எர்த் பற்றிப் பேசுகையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிட்டார்க் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப் ஒரு லைனிலும் மைக் மிக்சர் வேறு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் கோளாறு என்றால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கும். சுருக்கென்று மட்டும் அடித்தால் அதிர்ஷ்டம். உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சொருகும் பழக்கம் நம் மேடைக்காரர்களிடம் இருக்கிறது. அந்த மேடையில் ஏறாதீர்கள். கிட்டார் ஆம்ப்பும் மிக்சரும் ஒரே எர்த் உள்ள லைனிலிருந்து வருகின்றனவா என்று சவுண்டுக்காரரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கிட்டாருக்கு அடுத்த செலவு அது எதில் சொருகப்படுகிறது என்பது. அகூஸ்டிக்கிலிருந்து வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக சர்ச் மிக்சரில் சொருகி டிஸ்டார்ஷன் வைத்தால் கேட்கச் சகிக்காது, ஏனென்றால் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் கீச்சென்ற உச்ச அதிர்வுகளை வெட்டிவிடும், மேடை ஸ்பீக்கர் வெட்டாது. கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரைப் போலவே சத்தத்தை மாற்றும் கேபினெட் சிமுலேஷன் உள்ள ஒரு சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் 10,000லிருந்து 12,000 ரூபாய்க்குள் வாங்கினால் சர்ச், மண்டபம், வீட்டில் ஹெட்போன் மூன்றுக்கும் ஆகும். கிட்டார் 28,000, செட்டப், ப்ராசஸர், நல்ல கேபிள், தடிமனான பை எல்லாம் சேர்த்தாலும் 48,000 தாண்டாது. நண்பரின் கிட்டாரை வாங்கினால் அதைச் சொருக உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

முதலீடு என்ற பேச்சுக்கு வருகிறேன். 2,60,000 ரூபாயை மூன்று வருடத் தவணையாகப் பிரித்தால் வட்டி சேர்க்காமலே மாதம் 7,200க்கு மேல். உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அவசரத்துக்கு விற்க நினைத்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரியில் அந்த விலைக்கு ஆள் இல்லை. பெங்களூருவில் தேட வேண்டும், அங்கேயும் அந்தக் கம்பெனியின் பெயர் தெரிந்தவர் ஒரு சிலர்தான். பழைய ஃபெண்டர், கிப்சன் விலை ஏறுவது உண்மை, அது வேறு சந்தை. நேற்று வந்த பூட்டிக் கிட்டார் முதல் கை மாறும்போதே விலை இறங்கும். அதனால்தானே நண்பர் 2,60,000க்குத் தருகிறார்! கச்சேரியில் கீறல் விழுமோ என்ற பயத்தோடு வேறு வாசிக்க வேண்டும். ராயக்கோட்டை வழி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒசூர் போய்வருவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

யார் வாங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதில் சம்பாதிப்பவர், கழுத்தின் தடிமன் இன்ன அளவு வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்தவர், ரொக்கமாக வாங்கும் வசதி உள்ளவர். பத்து வருடம் கழித்து நீங்களும் அந்த ஆளாக ஆகலாம். அப்போது எந்தக் கழுத்து பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இப்போது வாங்கினால் மாமா பையனுக்குப் பிடித்த கழுத்தைத்தான் வாங்குவீர்கள்.

வாங்கப் போகும்போது பட்டறையிலிருந்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். முதலில் சுருதி சேர்த்துவிட்டு, தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் ஓரமாக ஒற்றைக் கண்ணால் பாருங்கள், முறுக்கு இருக்கக்கூடாது. முறுக்கிய கழுத்தைச் சரிசெய்வது பெரும்பாடு, திரும்பி வந்துவிடுங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு எட்டாவது ஃபிரெட்டின் மேல் ஃபீலரை நுழையுங்கள். 0.2, 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. அதிகமோ குறைவோ இருந்தால் டிரஸ் ராடில் சரியாகும், ஆனால் அந்த ராட் திரும்புகிறதா என்று கடைக்காரரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஆறு கம்பியும் சேர்ந்து 40 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. கழுத்து மரத்தோடு சேர்ந்து அதை எதிர்த்து நிற்பது அந்த ராட்தான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. சுற்றி இருக்கலாம். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட் மேல் 0.1 ஃபீலர் நுழைய வேண்டும். 0.3 தாராளமாக நுழைந்தால் நட் உயரம், செட்டப்பில் சரிசெய்துகொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் பொறுமையாக வாசியுங்கள். எங்காவது சத்தம் செத்துப்போனால் வேறு பீஸ் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்காது, குறைந்த விலையில் இந்தச் சூதாட்டம் உண்டு. அதனால்தான் ஆன்லைனில் 2,000 ரூபாய் மிச்சம் என்றாலும் பெங்களூரு போய் நேரில் எடுங்கள் என்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தானே, உங்களுக்கு ஒசூரிலிருந்து இன்னும் பக்கம். ஆன்லைனிலோ கை மாற்றாகவோ 15,000 ரூபாய்க்கு 'ஒரிஜினல் கிப்சன்' என்று வந்தால் அது தலையில் ஸ்டிக்கர் ஒட்டியது, தொடவே வேண்டாம்.

யமஹா பசிஃபிகா, ஸ்குவையர், ஐபனேஸ், கோர்ட் நான்கிலும் உங்கள் விலைக்கு மாடல் இருக்கிறது. எந்தப் பெயர் என்பதைவிட எந்தப் பீஸ் என்பதைப் பாருங்கள். என் கையில் விட்டால் பசிஃபிகாவை முதலில் எடுத்துப் பார்ப்பேன். ட்ரெமோலோ கைப்பிடி இருந்தால் ஆரம்பத்தில் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள், சுருதி நிற்காமல் போவதில் பெரும்பகுதி அதனால்தான். நட் பள்ளத்தில் கம்பி சிக்கி 'டிக்' என்று சத்தம் வந்தால் பென்சில் முனையை அதில் தேயுங்கள், கரி வழுக்கிக்கொடுக்கும்.

ஷீட் வீட்டுக்கு வருகிறேன். சித்திரையில் ஷீட்டுக்குக் கீழே, அதுவும் பரண் உயரத்தில், கிட்டாரை வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும், கழுத்து வளையும். தரையோடு ஒட்டிய சுவர் ஓரம், ஜன்னல் வெயில் படாத இடம், பைக்குள் போட்டு ஜிப்பை மூடி வையுங்கள். இரவில் வாசித்த பிறகு உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். வைகாசி வாக்கில் கழுத்து ஓரத்தை விரலால் வருடிப் பாருங்கள், ஃபிரெட் முனை குத்தினால் கொண்டு வாருங்கள். அரை மணி நேர அரம் வேலைதான். வரும்போது கேபிளையும் எடுத்து வாருங்கள். 'கிட்டார் விட்டுவிட்டு வருகிறது' என்று கொண்டுவருபவர்களில் நிறையப் பேருக்கு நான் மாற்றிக் கொடுப்பது கேபிளின் ஜாக்கைத்தான்.